பதினொரு நொடி

திங்கட்கிழமை, கடை திறக்கும் முன்
ஒவ்வொரு இயந்திரத்தின் வயிற்றையும் திறக்கிறேன்.
ரோலில் குறைந்தது எத்தனை, மீட்டரில் ஏறியது எத்தனை?
இரண்டும் ஒத்துப்போனால் எனக்குச் சோலி இல்லை.
டர்பன் கடற்கரையில் உப்புக்காற்று ஆணியையே தின்னும்;
சில்லறைப் பிசகையெல்லாம் காற்றின் பேரில் எழுதிவிடலாம்.

நான் பார்க்காத கைவரிசையா?
காசில் தூண்டில் நரம்பைக் கட்டிப் போட்டு
போட்ட காசையே திரும்ப இழுப்பவன்.
டிக்கெட் நாக்கு நீட்டும்போதே வெடுக்கென்று பிடுங்கி
சென்சாரின் கண்ணைக் கட்டுபவள்.
பந்து உருட்டும் சரிவில் ஏறி நடந்து
நடுக்குழியில் பந்தை வைத்துவிட்டு
சமர்த்தாக இறங்கிவரும் ஏழு வயது.
நரம்புக்குப் பிளேடு வைத்தேன்.
பிடுங்கலுக்குப் பல்சக்கரம்.
ஏழு வயதுக்கு வலை கட்டினேன்,
வலையிலும் ஏறினான். அது வேறு கதை.

பதினாலாம் நம்பர்தான் பிடிபடவில்லை.
தவளைகளைச் சுத்தியலால் அடிக்கும் பெட்டி.
மீட்டர் நாலாயிரத்து இருநூறு என்கிறது,
ரோலில் ஐயாயிரத்துக்கு மேல் காணோம்.
துடைத்தேன். சென்சாரை மாற்றினேன்.
அடுத்த திங்களும் அதே பள்ளம்.

காஜி முதலாளி ந்லாந்லாவைப் பார்த்தார்.
பரிசுக் கவுண்டரில் டிக்கெட்டை நிறுத்து
பென்சிலும் கரடிப் பொம்மையும் எடுத்துக் கொடுப்பவள்.
சுலுவில் அவள் பெயருக்கு அதிர்ஷ்டம் என்று பொருள்.
பையைக் கவிழ்த்தார்கள்:
ஓர் ஆரஞ்சு, பஸ் அட்டை,
மகனுடைய பள்ளிக்கூட சாக்ஸ், ஒற்றை.
கையில் ஸ்க்ரூடிரைவரோடு நான் பக்கத்திலேயே நின்றேன்.
வாய் இருந்தது.

அன்றிரவு கணக்குப் புத்தகத்தைத்
தேநீர் மேசைச் சுவரில் ஒட்டியிருந்த
மின்வெட்டு அட்டவணைக்குப் பக்கத்தில் பிடித்தேன்.
செவ்வாய் நாலு மணி. வியாழன் ஆறு மணி.
பள்ளம் விழுந்த நாட்களெல்லாம் இருட்டு விழுந்த நாட்கள்.

கரண்ட் போய், ஜெனரேட்டர் இருமி எழுந்திருக்கப்
பதினொரு நொடி.
அதற்குள் பதினாலாம் நம்பருக்கு மறதி வந்துவிடுகிறது.
கொடுத்தது மறந்துபோகும்,
கொடுக்க வேண்டியது மட்டும் நினைவிருக்கும்.
கண் விழித்ததும் ஒன்றிலிருந்து எண்ணிக் கொடுக்கும்.
இப்படியொரு கடனாளியை
சாட்ஸ்வர்த் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

வியாழன், ஐந்தே முக்கால்.
கார்ப் பந்தய இருக்கைக்குள் பதுங்கியிருந்தேன்.
பள்ளிச் சீருடையில் ஒரு பெண்.
புத்தகப்பையில் பெயர்: கெர்ஷ்னி பதையாச்சி.
ஐந்து ஐம்பத்தெட்டு வரை சுத்தியலைத் தொடவில்லை,
மணிக்கட்டையே பார்த்தபடி நின்றாள்.
பிறகு ஒரு தவளை தப்பவில்லை.
டிக்கெட் வரத் தொடங்கியது.
இருட்டு.
மண்டபமே வீறிட்டது,
அவள் உதடுகள் மட்டும் எண்ணிக்கொண்டிருந்திருக்கும்.
வெளிச்சம் வந்தபோது
இரண்டாம் முறையாக வந்த டிக்கெட்டைக்
கொசுவம் வைப்பதுபோல் மடித்துக்கொண்டிருந்தாள்.

பிடிக்கவில்லை. நாற்பது ரேண்டுக்கு
தீப்பெட்டி அளவில் ஒரு பேட்டரி வாங்கி
உள்ளே வைத்து மூடினேன்.

அடுத்த வியாழன் எல்லாம் அணைந்தபோது
பதினாலாம் நம்பர் மட்டும் விழித்திருந்தது,
கொடுக்க வேண்டியதைக் கொடுத்து நிறுத்தியது.
காய்ச்சலா என்று பார்ப்பதுபோல்
அதன் நெற்றியில் கை வைத்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
"சரி பண்ணிட்டீங்களா அங்கிள்?"
"ஆமா."
"பதினேழாம் நம்பருக்கும் மறதி இருக்கு," என்றாள்,
கூட வேலை செய்கிறவள் மாதிரி.
பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இயந்திரக் கோளாறு என்று முதலாளியிடம் எழுதிக் கொடுத்தேன்.
ந்லாந்லாவிடம் அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை.
நானும்தான்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன்.
என் மைத்துனன் ஒரு துண்டு வயரால்
மீட்டருக்குப் பாலம் கட்டி மூன்று வருஷமாகிறது.
அன்று நின்ற எண்ணில்தான் இன்றும் நிற்கிறது.
அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து வாரக் கணக்கை முடித்தேன்:
பதினாலாம் நம்பர், வித்தியாசம் இல்லை.

பதினேழை இன்னும் திறக்கவில்லை.